பழைய மடிக்கணினிக்கு மாற்று பேட்டரி: ஒரு மதிப்பீடு

நான் வாங்கிய பேட்டரி, மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் அசல் பொருளன்று; அதே மாடலுக்குப் பொருந்தும் என்று வேறொரு தயாரிப்பாளர் விற்கும் வகையைச் சேர்ந்தது. அசல் பேட்டரியின் உற்பத்தி நின்றுபோன பழைய கணினிகளுக்கு இவ்வகைதான் பெரும்பாலும் கிடைக்கிறது என்பதால், சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், வாங்கலாம்; ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. பழைய பேட்டரி 30 விழுக்காடு மீதமிருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி சட்டென்று அணைந்துவிடும். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலங்களான செல்களின் உள் மின்தடை கூடிப்போய், வேலைப்பளு ஏறும் நேரத்தில் மின்னழுத்தம் சரிவதால் இப்படி நேரலாம். பேட்டரிக்குள் இருக்கும் அளவிடும் சிப்பின் கணக்குப் பிசகிப்போனாலும் நேரலாம். அந்தச் சிப், உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்துத்தான் மீதத்தைச் சொல்கிறது. முழுவதும் நிறைந்த நிலையையும் அடியோடு தீர்ந்த நிலையையும் நெடுநாள் தொடாமலே இருந்துவிட்டால், வரவு செலவை மட்டும் எழுதிக்கொண்டு பெட்டியைத் திறந்து எண்ணாத கணக்குப்பிள்ளையைப் போல, அதன் ஏட்டுக்கும் உண்மை இருப்புக்கும் இடைவெளி விழுந்துவிடுகிறது. காலிபரேஷன் எனப்படும் அளவுத்திருத்தம் சரிசெய்வது இந்த இடைவெளியை மட்டுமே.

முறை எளியது. 100 விழுக்காடு வரை சார்ஜ் செய்து, சூடு ஆறும் வரை விட்டு, உறக்க நிலைக்குப் போகும் அமைப்புகளை நிறுத்திவிட்டு, தானாக அணையும் வரை சீராகப் பயன்படுத்தி, பின்னர் இடையில் பிடுங்காமல் மீண்டும் முழுவதும் சார்ஜ் செய்ய வேண்டும். இதைச் செய்த பிறகு, 30 விழுக்காட்டில் அணைவது நின்றது. ஆனால் விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தபோது, முழு சார்ஜ் கொள்ளளவு 27,000 மில்லிவாட் மணியிலிருந்து 20,000க்கும் கீழே இறங்கியிருந்தது. அளவுத்திருத்தம் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்று பலர் புகார் சொல்வது இந்த இடத்தில்தான். உண்மையில் பேட்டரி கெடவில்லை; முன்பிருந்த எண் தவறானது, இப்போதுள்ளது சரியானது. புதிதாக இருக்கையில் கொள்ள வேண்டிய அளவான வடிவமைப்புக் கொள்ளளவு 45,600 ஆக இருக்க, அதில் பாதிகூட மிஞ்சவில்லை என்பது தெளிவானதால், மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாதந்தோறும் பேட்டரியை அடியோடு தீர்த்து ஏற்றினால் அதற்கு உயிர் வரும் என்ற நம்பிக்கை நிக்கல் காட்மியம் காலத்தது. லித்தியம் அயனி செல்லை அப்படி வதைத்தால் தேய்மானம்தான் கூடும்.

வாங்கும்போது முதலில் லேபிளைப் படிக்க வேண்டும். பழைய பேட்டரியில் 11.4 வோல்ட், 4,000 மில்லியாம்பியர் மணி என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 45,600 மில்லிவாட் மணி, அதாவது 45.6 வாட் மணி, சரியாக வருகிறது. விற்பனைக்குள்ள சிலவற்றின் லேபிளில் இந்தப் பெருக்கல் கணக்கே ஒத்துவரவில்லை என்பதைக் கண்டு அவற்றை ஒதுக்கிவிட்டேன். அதே அளவு பெட்டிக்குள் மிக அதிகமான கொள்ளளவு இருப்பதாகச் சொல்வனவற்றையும் நம்ப வேண்டியதில்லை. 11.1 வோல்ட்டும் 11.4 வோல்ட்டும் ஒன்றுதான் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு; ஆனால் முன்னது 3.7 வோல்ட் செல்கள் மூன்றும் பின்னது 3.8 வோல்ட் செல்கள் மூன்றும் சேர்ந்தவை, அவற்றை முழுவதும் ஏற்றும் மின்னழுத்தமும் பொதுவாக வேறுபடும். எனவே பழையதில் அச்சிட்டிருந்த எண்களையும் பாகக் குறியீட்டையும் அப்படியே தேடிப்பிடித்தேன்.

பொருத்துவது கடினமாக இல்லை. சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி, கணினியை அணைத்து, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினேன். ஒயர்களைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரு ஓரங்களையும் பிளாஸ்டிக் நெம்பியால் மாறிமாறி அசைத்தால் வந்துவிடுகிறது. புதியதன் திருகுத் துளைகள் சரியாக உட்கார்ந்தன. ஆனால் அதன் ஒயர்கள் அசலைவிடச் சற்று நீளமானவை. அவற்றைக் கவனமாக மடித்துப் பள்ளத்துக்குள் அமர்த்தாமல் மூடியைத் திருகியிருந்தால், ஒயர் நசுங்கி உறை கிழிந்திருக்கும். இது தயாரிப்பாளரின் அலட்சியம் என்றே சொல்வேன்.

செயல்பாட்டில் பெரிய குறையில்லை. புதியதையும் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்த பிறகு முழுக் கொள்ளளவு 44,000க்கு மேல் காட்டுகிறது. அதே வேலை, அதே திரை வெளிச்சத்தில், பழையதைவிட இரு மடங்குக்கும் கூடுதலான நேரம் தாங்குகிறது. எத்தனை முறை முழு அளவுக்குத் தீர்த்து ஏற்றப்பட்டது என்பதைச் சொல்லும் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கை 0 என்று இருந்தது. அந்த எண்ணை அழித்தெழுத முடியும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், முழுக் கொள்ளளவையும் தாங்கும் நேரத்தையும் வைத்தே மதிப்பிட்டேன். கடைசி 10 விழுக்காடு மட்டும் மற்றப் பகுதியைவிட வேகமாகக் கரைகிறது. லேபிளில் தயாரிப்புத் தேதி இல்லாததை இதைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன். பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்தாலும் லித்தியம் அயனி செல் மூப்படையும், ஆகவே அந்தத் தேதியை மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. பெரும்பாலும் சார்ஜரில் இணைத்தே வேலை செய்வதால், 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியைப் போட்டிருக்கிறேன். இந்தப் பேட்டரி அதற்கு ஒழுங்காகக் கட்டுப்படுகிறது.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் மேலே சொன்ன அளவுத்திருத்தம் எதையும் முயல வேண்டாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி சமதளத்தில் உட்காராமல் ஆடினாலோ, உடனே சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும். உப்பிய செல்லை அழுத்தவோ குத்தவோ கூடாது. கழற்றிய பேட்டரி எதுவானாலும், முனைகளில் மின்காப்பு நாடா ஒட்டி, வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.