பூம் நிழலில் நான்கு வருடம்: டீசலைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்த பாய்மரப் படகு

"என் படகோட டீசல் என்ஜின் மறுபடியும் புகையுது. கழட்டிப் போட்டுட்டு உன்னை மாதிரி மோட்டார் வச்சிடவா?" என்று நண்பன் கேட்டிருந்தான். கேட்ட நேரம் சரியில்லை. மோட்டார் இருக்கும் பொந்துக்குள் பாதி உடம்பை நுழைத்து, கருகிப்போன ஒரு லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். கேபிள் உறை உருகி வழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. 48 வோல்ட்டில் 5 கிலோவாட் இழுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் அடுப்புதான். லக்கைக் கேபிளோடு நசுக்கி இறுக்கும் சரியான கிரிம்பிங் கருவி வாங்கச் சோம்பல்பட்டு அந்த லக்கைச் சுத்தியலால் தட்டி இறுக்கியவன் நான். எனவே இதில் மோட்டார்மேல் குற்றமில்லை.

28 அடிப் படகு, 200 ஆம்பியர் அவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்கள் 16 சேர்ந்த பேட்டரி, மொத்தம் 10 யூனிட், பின்பக்க வளைவின்மேல் 200 வாட் சோலார் பேனல் இரண்டு. மற்ற விவரமெல்லாம் இதில் இறங்கியவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையணையும்போது இந்த மோட்டாரைப் போல ஒன்று கிடையாது. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை. கைப்பிடியை நகத்தளவு நகர்த்தினால் படகும் அவ்வளவே நகரும். டீசலில் கியர் விழும் அந்த "டணார்" இல்லை. புகை இல்லை, படகின் அடிக்குழியான பில்ஜில் எண்ணெய் மிதப்பதில்லை. முன்பக்கம் நிற்பவரிடம் கத்தாமல் பேச முடிகிறது. சத்தம் போனதில் இன்னொன்றும் வெளியே வந்தது: ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் பேரிங் தேய்ந்து "டக் டக்" என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ, டீசல் அதை மூடி மறைத்திருந்தது.

தூரம்? 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் 2 கிலோவாட் போதும். 5.5 நாட்டுக்கு 5 கிலோவாட் கேட்கிறது. பேட்டரியை அடிவரை வடிக்காமல் ஓட்டினால் முதல் கணக்கில் நான்கு மணி நேரம், இரண்டாவதில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது, என்ஜின் அதில் மூன்றைத்தான் ஷாஃப்டுக்குக் கொடுக்கும். அப்படிப் பார்த்தாலும், அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள என் பேட்டரி மூன்று லிட்டர் டீசலுக்குத்தான் சமம். பாயில் போகும்போது ப்ரொப்பெல்லர் சுழன்று சார்ஜ் செய்யும் என்பதை நம்பி யாரும் இறங்க வேண்டாம். வருவது சில்லறை, வேகம் குறைவது மட்டும் நன்றாகவே தெரியும்.

இதெல்லாம் பழகிப்போகிறது. பழகாதது நிழல்.

பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. வரப்பில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் மெலிவது போல, ஒரு செல் நிழலில் விழுந்தால் அந்த வரிசையே மெலிகிறது. பைபாஸ் டயோடு அந்த வரிசையை ஒதுக்கிவிடும்; மூன்றில் ஒரு பங்கு போச்சு. முதலில் இரண்டு பேனலையும் தொடராக ஒரே எம்பிபிடியில் (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரம் எடுத்து பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி) கொடுத்திருந்தேன். பிறகு ஆளுக்கொரு எம்பிபிடி என்று பிரித்தேன். ஒரு பேனலின் நிழல் அடுத்ததை இழுக்காமல் நின்றது. உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியின் நிழல் மெல்லியது, அதை மன்னித்துவிடலாம். பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் குறுக்குக் கட்டையான பூம்தான் எமன். நங்கூரத்தில் நிற்கும்போது பூமை ஒரு கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டுகிறேன். திரையில் 290 வாட் ஏறும். திருப்தியாகப் போய்ப் படுப்பேன். நீரோட்டம் திரும்பும், படகும் திரும்பும். எழுந்து பார்த்தால் 94 வாட். இரண்டாவது பேனலின் குறுக்கே கட்டையாக ஒரு நிழல். கயிற்றை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்ட வேண்டும். உச்சிவெயிலில், நாளுக்கு மூன்று முறை, நான்கு வருடமாக. ஒருநாள் பூமை ஒரு முழம் அறுத்துவிட்டால் என்ன என்று அளவுநாடாவை எடுத்து உண்மையாகவே அளந்தேன். பாயின் அடிவிளிம்பு நினைவுக்கு வந்ததால் பிழைத்தது.

நியாயமாகச் சொன்னால், காற்று இருந்தால் பாய் இழுக்கும், மோட்டார் தேவையில்லை. காற்று செத்தால் பாய் இறங்கும், பேனலுக்கு வெயில் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்ற ஜோடி. ஆனால் 400 வாட் என்று எழுதியிருக்கும் பேனல்கள் எனக்கு நல்ல நாளில் ஒன்றரை யூனிட் தருகின்றன. காலியான பேட்டரி நிறைய ஒரு வாரம் நங்கூரத்தில் கிடக்கப் பொறுமை வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல படகு இல்லை. பழைய டீசலை எனக்கு இனாமாகக் கொடுத்தாலும் திரும்ப ஏற்ற மாட்டேன்.

நண்பனுக்கு என்ன பதில் போட்டேன்? "வேண்டாம்டா. புகையுதுன்னா இன்ஜெக்டரைக் கழட்டிப் பாரு" என்றுதான். மூன்று நாளாக மூடிய வானம். பேட்டரி 34 சதவீதம்.