லேடெக்ஸா, யூவியா? நெல்லைப் பக்கத்து போர்டு கடைக்கு எது ஒத்துவரும்

பெயர்ப்பலகைத் தொழிலில் ஷீட்டின் மேலேயே நேரடியாக அச்சடிக்க மெஷின் தேடுகிறவர்களுக்கு இன்று இரண்டு வழிதான். ஒன்று யூவி ஃபிளாட்பெட், அதாவது தட்டையான மேஜையில் ஷீட்டைக் கிடத்தி அடிக்கும் மெஷின். இன்னொன்று லேடெக்ஸ். நாங்கள் இரண்டையும் விசாரித்து லேடெக்ஸை எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

வினைல் ஸ்டிக்கரில் அடித்து சன்போர்டில் (நுரை பிவிசி பலகை) ஒட்டும் பழைய வழியும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் நிறையக் கடைகள் அப்படித்தான் ஓடுகின்றன. வாரத்துக்கு நாலைந்து ஷீட் போகும் கடைக்கு அதுவே போதும். லேமினேஷன், ஒட்டுக்கூலி, குமிழி விழுந்து வீணாகும் ஷீட் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும்போதுதான் நேரடி அச்சு மெஷின் பேச்சே வரும்.

அடிப்படை இதுதான். யூவி இங்க், புறஊதா ஒளி பட்டதும் இறுகிவிடும். இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் எல்இடி விளக்கு என்பதால் ஷீட் அவ்வளவாகச் சூடாகாது. லேடெக்ஸ் இங்கின் பெரும்பகுதி தண்ணீர். சூடான காற்று தண்ணீரை விரட்ட, உள்ளே இருக்கும் பாலிமர் துகள்கள் உருகி நிறத்தோடு சேர்ந்து படலமாகப் படியும். ஹெச்பி இதை 2008-ல் ரோல் மெஷினில் கொண்டுவந்தது. ஷீட், ரோல் இரண்டையும் ஏற்கும் ஆர்1000, ஆர்2000 வந்தது 2018-ல். முதலாவது 1.64 மீட்டர் அகலம், அடுத்தது ஏறத்தாழ 2.5 மீட்டர். எட்டுக்கு நாலு அடி ஷீட்டை நீளவாக்கில் விட்டால் சின்னதே தாங்கும். நீட்டிப்பு மேஜை மட்டும் சேர்த்து வாங்க வேண்டும்.

யூவியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடி, டைல், எஸ்எஸ் தகடு, ட்ராஃபி என்று எதிலும் அடிக்கலாம், சிலவற்றுக்கு முன்பூச்சு தேவைப்படும். பெட் அசையாமல் ஹெட் (இங்கைத் தெளிக்கும் பாகம்) மட்டும் நகரும் மெஷினில் சின்னப் பொருட்களை வரிசையாக அடுக்கி அடிப்பது சுலபம். லேடெக்ஸில் பெல்ட்தான் ஷீட்டை இழுத்துப் போகும், அந்த வசதி கிடையாது. விலையிலும் யூவிதான் ஜெயிக்கும். சாதாரண சீன மெஷினோடு ஒப்பிட்டால் லேடெக்ஸ் பல மடங்கு பணம் கேட்கும்.

சரி, அப்புறம் ஏன் லேடெக்ஸ்? ஹெட்டுக்காக.

யூவி மெஷினில் ரிக்கோ ஜென்5, கோனிகா 1024ஐ போன்ற பீசோ ஹெட்கள் (மின்சாரத்தில் அசையும் படிகத்தால் இங்கைத் தள்ளுபவை) இருக்கும். அது மெஷினோடு சேர்ந்த சொத்து, வருஷக்கணக்கில் ஓட வேண்டிய பொருள். கவனித்தால் ஓடவும் செய்யும். ஆனால் அந்த இங்க் இறுக ஒளி பட்டாலே போதும். கண்ணாடியிலோ பளபளக்கும் தகட்டிலோ விளக்கின் ஒளி பட்டுத் திரும்பி ஹெட்டுக்கு ஏறினால் நாசில் என்ற நுண்துளைக்குள்ளேயே இங்க் இறுகிவிடும். மேற்குப் பார்த்த ஷெட்டில் கதவைத் திறந்து போட்டு சாயங்கால வெயில் மெஷின் மேல் விழுந்தாலும் மெதுவாக அதே கதிதான். இறுகிய இங்க் கிளீனிங் திரவத்தில் கரையாது. ஜென்5 ஹெட்டில் 1280 நாசில் உண்டு; அதில் ஒரு சின்னக் கூட்டம் அடைத்தாலே அச்சில் கோடு தெரியும். அடைப்பு போகாவிட்டால் புது ஹெட்தான். அதைப் பொருத்தி, வோல்டேஜ் வைத்து, நிறங்களை நேர்செய்ய விஷயம் தெரிந்த ஆள் வர வேண்டும்.

அந்த ஆள் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுவதால் சென்னையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் நெல்லை ஜங்ஷனில் இறங்கிவிடலாம். பயணம் பிரச்சினை இல்லை, அவரிடம் தேதி வாங்குவதுதான் பிரச்சினை.

லேடெக்ஸில் ஹெட் என்பது தீரத் தீர வாங்கி மாற்றும் பொருள். ஆயுள் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பீரோவில் ஸ்பேர் வைத்துக்கொள்ளலாம். கிளீனிங்கிலும் கோடு போகவில்லையா, ஆபரேட்டரே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார். அலைன்மென்ட்டை மெஷின் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் போன் போட வேண்டாம்.

இதில் நம்ம ஊர் வியாபாரத்தின் போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடியில் யாரும் புதுக்கடை திறப்பதில்லை. போர்டு ஆர்டர் படுத்துவிடும். ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். “அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள போர்டு ஏறிரணும்” என்பார்கள். மார்கழியும் தையும் இதே கதை. சும்மா கிடந்த மெஷின் திடீரென்று இரவு பகலாக ஓட வேண்டும். யூவியைச் சும்மா போட முடியாது. வெள்ளை இங்கில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு கனமானது, அடியில் தங்கிவிடும். வேலை இருக்கிறதோ இல்லையோ, இங்க்கைச் சுழல விட்டு, ஹெட்டைத் துடைத்து, நாசில் செக் எடுத்தாக வேண்டும். லேடெக்ஸ் ஆர் தொடரில் வெள்ளை ஹெட்களை வெளியே எடுத்து அதற்கென்றே உள்ள சுழலும் பெட்டியில் வைத்துவிடலாம். வெள்ளை கேட்கும் வேலை வந்தால் எடுத்து மாட்டினால் போதும்.

ஹெட் செலவு இதனால் குறைந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, கூட்டினால் யூவிக்காரர்கள் ஒரு ஹெட்டுக்குக் கொடுப்பதை எட்டவும் கூடும். ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த செலவு, சதுர அடி ரேட்டில் ஏற்றிவிடலாம். சீசன் நடுவில் ஒரு ஹெட் போய், ஆர்டரும் போய், பார்ட்டியும் பக்கத்துக் கடைக்குப் போகும் நஷ்டத்தை எந்த ரேட்டில் ஏற்றுவது?

வாசனை இல்லாதது அடுத்த லாபம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் ஸ்கேன் சென்டர், கிளினிக் உள்ளே மாட்டும் பலகைகளுக்கு இது உதவுகிறது; அறைக்காற்றைக் கெடுக்காது என்பதற்கான கிரீன்கார்ட் கோல்டு சான்றும் ஹெச்பி லேடெக்ஸ் இங்குக்கு உண்டு. ஏசிபி (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை) ஷீட்டை அச்சடித்த பிறகு மடிக்கும்போது லேடெக்ஸ் படலம் வளைந்து கொடுக்கும். கெட்டியான யூவி இங்க் மடிப்பில் வெடிக்க வாய்ப்பு அதிகம்.

இனி லேடெக்ஸ் கழுத்தறுக்கும் இடம்: கரண்ட். காற்றைச் சூடாக்கியே காய வைப்பதால் பில் எகிறும். அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும், ஏசியும் சேர்ந்து திணறும். சித்திரை வெயிலில் இதைக் கணக்கில் எடுக்காமல் மெஷின் வாங்கக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வேலை நடக்க வேண்டுமானால் ஜெனரேட்டரும் பெரிதாக வேண்டும். மெல்லிய பிபி (பாலிப்ரொப்பிலீன்) ஷீட், 3 மி.மீ. சன்போர்டு போன்றவை சூட்டில் நெளியப் பார்க்கும். வெப்பத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் சமாளிக்கலாம், வேகம் போய்விடும்.

கண்ணாடிக்கு லேடெக்ஸை நம்ப வேண்டாம். உள்ளே விளக்கு வைக்கும் அக்ரிலிக் போர்டில் எங்களுக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் வெயிலில் நிற்கும் அக்ரிலிக் எத்தனை கோடை தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நாங்கள் மாட்டியவற்றுக்கு இன்னும் வயதாகவில்லை.

மறுவிற்பனையில் என் பேச்சை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் விற்கப் போனதில்லை. சீன யூவி மெஷினைத் தெரிந்த மெக்கானிக்குகள் மதுரை, சிவகாசியில் கிடைப்பார்கள். அதனால் பழைய மெஷினுக்கும் ஆள் வரும். லேடெக்ஸை வாங்க வருகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றிவிடும் எண்ணம் இருந்தால் லேடெக்ஸ் பக்கம் போகாதீர்கள்.

ட்ராஃபி, டைல், கண்ணாடி வேலை பாதிக்கு மேல் வந்தால் யோசிக்காமல் யூவி எடுங்கள். சன்போர்டு, ஏசிபி, உள் அலங்காரப் பலகைதான் பிழைப்பு என்றால் லேடெக்ஸ் டெமோ ஒன்று பார்த்துவிடுங்கள். போகும்போது உங்கள் கடை ஷீட்டையே கொண்டுபோங்கள், மெல்லியதையும் சேர்த்து. அச்சு முடிந்ததும் ஹெட் ஒன்றைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் ஆபரேட்டரையே மாட்ட விடுங்கள்.