ஒரு ரூபாய் சிக் ஷாம்பு: விலைக்கு மேல் என்ன இருக்கிறது?

பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் டப்பாக்களுக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கிச் செல்பவர் யாரும், அந்த ஒரு ரூபாய்ப் பொருளுக்கு ஒரு மதிப்புரை தேவை என்று நினைப்பதில்லை. விலை கூடிய பாட்டிலுக்குப் பக்கம் பக்கமாகக் கருத்து எழுதுகிறவர்கள்கூடப் பாக்கெட்டைப் பொருட்படுத்துவதில்லை. சிக் ஷாம்புவைப் பொறுத்தவரை இது நியாயமில்லை. அதன் நுரை, மணம், விலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எடைபோட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய ஒரு சிறு தொழில், பெரிய நிறுவனங்கள் கோலோச்சிய சந்தையில் எப்படி இடம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும்.

முதலில் பயன்பாடு. ஈரக் கையால் பாக்கெட்டைப் பிரிப்பது எந்த நிறுவனத்தின் ஷாம்புவிலும் சிரமம்தான் என்பதால், குளியலறைக்குள் போவதற்கு முன்பே ஓரத்தில் உள்ள வெட்டுக்குறியைப் பார்த்துக் கிழித்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பல்லால் கடித்து, வாயில் கசப்பு ஒட்டிக்கொண்டு நிற்க நேரிடும். குட்டையாக வெட்டிய தலைக்கு ஒரு பாக்கெட் தாராளமாகப் போதும், பாதியை மடித்து வைத்து மறுநாளுக்கு எடுத்துக்கொள்வோரும் உண்டு. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்த தலையில் எந்த ஷாம்புவும் முதல் தடவையில் நுரைக்காது, இதுவும் அப்படியே. முதல் பாக்கெட் எண்ணெயை இழுக்கும், இரண்டாவதுதான் நுரையாகப் பொங்கும். மல்லிகை வகையின் மணம் மென்மையானது என்று சொல்ல மாட்டேன். குளித்துவிட்டு வெளியே வந்தால் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தெரிகிற அளவுக்குத் தூக்கலாகவே இருக்கும், அப்படித் தெரிய வேண்டும் என்றே அது செய்யப்பட்டிருக்கிறது. சீயக்காயும் அரப்பும் தேய்த்துப் பழகிய தலைக்கு அந்தப் பிசுபிசுப்பற்ற வழுவழுப்பு இன்றைக்கும் சற்று அந்நியமாகத்தான் படும்.

அந்த அந்நியத்தை உடைத்த விதத்தில்தான் இந்தப் பொருளின் சாமர்த்தியம் இருக்கிறது. எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஷாம்பு என்பது பட்டணத்துச் சமாச்சாரம். அதைத் தலையில் போட்டால் முடி கொட்டிவிடுமோ, நரைத்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்தே இருந்தது. விளம்பரத்தில் ஒரு அழகியைக் காட்டி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. ரங்கநாதனின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஒரு சிறுவனை உட்கார வைத்து, அவன் தலையை அலசிக் காட்டி, சுற்றி நின்றவர்களையே அந்த முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரமும் செய்முறையும் காட்டி, படம் முடிந்து வெளியேறுகிறவர்களின் கையில் இலவசப் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். வாங்கச் சொல்லி வற்புறுத்தாமல், முதலில் பிடிக்க வைத்துவிட்டு வாங்குவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிற இந்தப் பாங்கு, வாசலில் வந்து நின்று பேசிப் பழகி வியாபாரம் செய்யும் வளையல்காரரின் பாங்கு. அதைத் தொழிற்சாலைச் சரக்குக்குப் பொருத்திப் பார்த்தது புதிது.

பிடிக்க வைப்பதோடு அவர் நின்றிருந்தால் ஊருக்கு நல்லவர் என்ற பெயரோடு கதை முடிந்திருக்கும். எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்ததுதான் துணிச்சல். போட்டியாளரின் பாக்கெட்டுக்கு நம் சரக்கை இனாமாகத் தருவதா என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலில் பதறியிருப்பார். சற்று நிதானமாக யோசித்தால் அதன் நுட்பம் விளங்கும். காலிப் பாக்கெட்டோடு வருகிறவர் ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்துகிறவர், அவருக்குப் பழக்கம் ஏற்படுத்தும் செலவை அடுத்த நிறுவனம் செய்து முடித்துவிட்டது. மாற்றிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பைசா நட்டமும் இல்லை. பழகிய பிறகு திட்டத்தைச் சுருக்கி, சிக்கின் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு உயர்ந்தது என்று ரங்கநாதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தபோது அது 30 லட்சமாகவும், நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியபோது ஒரு கோடியாகவும் வளர்ந்தது என்பதும் அவர் தந்த கணக்கே. சொந்தக் கதையைச் சொல்லும் தொழிலதிபரின் எண்களைச் சற்று எட்ட நின்றே கேட்க வேண்டும் என்றாலும், இங்கே எண்ணைவிட வரிசை முக்கியம். நடிகை கடைசியில்தான் வருகிறார். தொட்டுப் பார்த்ததும், இலவசமாகக் கிடைத்ததும், மணமும் வேலையை முடித்துவிட்ட பிறகே பிரபலத்தின் முகத்துக்குப் பணம் செலவழிக்கப்பட்டது. இன்றைய புதுத் தொழில்களில் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

பாக்கெட் என்ற எண்ணம் ரங்கநாதனுடையது அன்று. சிறு பொட்டலத்தில் விற்றால்தான் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடியும் என்று நம்பியவர் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன். ‘சிக்’ என்பது அவருடைய பெயரின் சுருக்கம் என்பதால், ஷாம்புவின் பெயரிலேயே அவர் இருக்கிறார். குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு வியாபாரத்திலிருந்து விலகி வந்த மகன், அதே பண்டத்தை எடுத்துக்கொண்டு அண்ணன்மார் இருந்த சந்தையிலேயே இறங்கினார். அடமானம் வைக்கச் சொத்து இல்லாத அவருக்கு வங்கிக் கடன் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆனதாகவும், சிறு தொழிலாக இருந்தும் வருமான வரியை ஒழுங்காகக் கட்டி வந்ததைப் பார்த்து ஒரு வங்கி மேலாளர் நம்பிக் கடன் தந்ததாகவும் அவர் சொல்வதுண்டு. ஒருவரை மற்றவர்களுக்குப் பிடிக்க வைப்பது பேச்சில் இனிமையும் சிரித்த முகமும் மட்டுமே என்று நினைக்கிறவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். கடன் கொடுப்பவருக்குப் பிடித்துப்போனது முகம் அல்ல, வரி ரசீது.

1999-இல் மற்றவர்கள் பாக்கெட்டை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று விற்றுக்கொண்டிருந்தபோது சிக் 50 பைசாவுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறுவனம் கெவின்கேர் என்று பெயர் மாறியிருந்தது. விலையைக் குறைப்பது யாரும் செய்யக்கூடியதே. ஆனால் கையில் நிற்கும் இலாபம் பாக்கெட்டுக்குச் சில பைசாதான் என்னும்போது, அதுவரை ஷாம்பு வாங்காதவர்கள் கூட்டமாக வந்தால்தான் கணக்கு நேராகும். வருவார்கள் என்று நம்பி எடுத்த முடிவு அது. கிராமங்களில் தலை அலசிக் காட்டிச் சம்பாதித்த நல்ல பெயர் இல்லாமல் அதே முடிவை வேறொருவர் எடுத்திருந்தால், மலிவு என்பதாலேயே மட்டமான சரக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாக்கெட் ஷாம்புவின் பொதுவான பெருங்குறை அந்த உறைதான். பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அது காயலான் கடையில் விலை போகாது, மறுசுழற்சிக்கும் எளிதில் ஒத்துவராது. ஆற்றுப் படித்துறையிலும் தெருக்குழாயடியிலும் மண்ணோடு மிதிபட்டுக் கிடக்கும் பாக்கெட்டுகளைப் பார்க்கும்போது, ஐந்து காலிப் பாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்ட அந்தப் பழைய திட்டம் நினைவுக்கு வராமல் போகாது. விற்பனைக்காகக் காலி உறையை வீட்டிலிருந்து கடைவரை வரவழைக்க முடிந்த நிறுவனம், இந்தத் துறை முழுவதற்கும் ஒரு வழி காட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் ஷாம்புவை மில்லி கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவு என்பதால், விலையைப் பார்த்து வாங்குகிறவர் பாட்டிலுக்கு மாறுவார் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ள சாதாரண முடிக்காரர்கள் தயங்காமல் வாங்கலாம். முடிக்குச் சாயம் போட்டவர்களும் வறண்ட முடி உள்ளவர்களும், இந்த விலையில் வரும் எந்த ஷாம்புவையும் வாங்குவதற்கு முன் உட்பொருள்களைப் படித்துப் பார்ப்பது நல்லது; அந்த எழுத்து மிகப் பொடிசு, கடை வெளிச்சத்தில் படிக்க வராது. மணம் தூக்கலாக இருப்பது பிடிக்காதவர்கள் மல்லிகையை விட்டுவிட்டு முட்டை வகையை எடுக்கலாம். இடுப்பு வரை முடி உள்ளவர்கள் ஒன்று போதாது என்பதை மனத்தில் வைத்து, ஒரு சரமாகவே கிழித்துத் தரச் சொல்லுங்கள்.