சட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கத் தரவரிசை போதுமா, வேலைவாய்ப்பு அறிக்கை வேண்டுமா?

எங்கள் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு சட்டக் கல்லூரிகளில் வழக்கறிஞராவதற்கான அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி. படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒன்று யூ.எஸ். நியூஸ் இதழின் தரவரிசையில் நன்றாக மேலே இருந்தது. மற்றொன்று அதற்குப் பல இடங்கள் கீழே இருந்தாலும் கணிசமான உதவித்தொகை தர முன்வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் தயங்காமல் முதல் கல்லூரியையே சொன்னார்கள். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கல்லூரிகளை எடைபோட எங்கள் கையில் இருந்தவை மூன்று: யூ.எஸ். நியூஸ் பட்டியல், அபவ் தி லா இணைய இதழின் பட்டியல், அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏ.பி.ஏ. தன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கும் அறிக்கைகள். மூன்றாவதையே நம்பலாம் என்பது என் கருத்து.

யூ.எஸ். நியூஸ் 1990 முதல் ஆண்டுதோறும் இப்பட்டியலை வெளியிட்டு வருகிறது. நெடுங்காலம் அதன் மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு நன்மதிப்புக் கணிப்புகளுக்கே, அதாவது சட்டப் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் கல்லூரிகளைப் பற்றித் தரும் மதிப்பீட்டுக்கே, போனது. சேரும் மாணவர்கள் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் ஒரு மாணவருக்குக் கல்லூரி செலவிடும் தொகைக்கும் நல்ல பங்கு இருந்தது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதை உயர்த்திக் காட்டும் ஆசை கல்லூரிகளுக்கு வருவது இயல்பு. இல்லினாய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவர்களின் எல்சாட் மதிப்பெண்களையும் இளங்கலைச் சராசரியையும் திரித்துக் கொடுத்தது 2011-இல் வெளிவந்து, மறு ஆண்டு ஏ.பி.ஏ. அதற்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. வில்லனோவா சட்டக் கல்லூரியும் அதே 2011-இல் இதே போன்ற காரணத்துக்காகக் கண்டனத்துக்கு உள்ளானது. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் ஒரே நாளில் தரவரிசையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. பொதுநலப் பணிக்குச் செல்லும் பட்டதாரிகளையும் வசதியற்ற மாணவர்களுக்குத் தரும் உதவியையும் இந்த முறை மதிக்கவில்லை என்பது யேலின் குற்றச்சாட்டு. பெர்க்லி, கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு எனப் பல கல்லூரிகள் பின்தொடர்ந்தன.

அதன் விளைவாக 2023-இல் கணக்கிடும் முறை பெரிதும் மாறியது. வேலைவாய்ப்புக்கு 33 விழுக்காடு, வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறுவோருக்கு 18, இரண்டு ஆண்டுகளுக்குள் தேறுவோருக்கு 7 என்று, 58 விழுக்காடு இப்போது படிப்பின் பலனைப் பார்க்கிறது. இது உண்மையான முன்னேற்றம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கால் பங்கு இன்னும் நன்மதிப்புக் கணிப்புக்கே போகிறது. ஏறத்தாழ இருநூறு கல்லூரிகள் இருக்கும் நாட்டில் ஒரு பேராசிரியரோ நீதிபதியோ எத்தனை கல்லூரிகளை நெருங்கி அறிந்திருக்க முடியும்? தெரியாத கல்லூரிக்கு மதிப்பெண் தர நேர்ந்தால், பழைய பட்டியலில் அது இருந்த இடமே நினைவுக்கு வரும்; அப்படிப் பட்டியல் தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய குறை, பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் அந்த 33 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. வழக்கறிஞர் உரிமம் கட்டாயமான வேலைக்கும், சட்டப் பட்டம் கூடுதல் தகுதியாக மட்டும் உதவும் வேலைக்கும் அங்கே ஒரே மதிப்பு. 2023 மாற்றத்துக்குப் பிறகு, கல்லூரியே சம்பளம் கொடுத்துத் தன் பட்டதாரிக்கு ஏற்படுத்தித் தரும் முழுநேர, நீண்டகால வேலைக்கும் முழு மதிப்பு உண்டு. பொதுநலச் சட்டப் பணிக்குப் போகிறவர்களைத் தண்டிக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த மாற்றம்தான் அது. ஆயினும் மூன்று வேறு நிலைகள் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன.

அபவ் தி லா பட்டியல் 2013-இல் தொடங்கியது. சேரும் மாணவரின் மதிப்பெண்ணைப் பார்க்காமல் பலன்களை மட்டும் பார்ப்பது அதன் சிறப்பு. ஆனால் ஐம்பது கல்லூரிகளோடு அது நின்றுவிடுகிறது. பெரிய நிறுவன வேலைகளுக்கும் கூட்டாட்சி நீதிபதிகளிடம் எழுத்தராக (ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் நீதிபதிக்கு உதவும் இளம் வழக்கறிஞராக) சேர்வதற்கும் தனி ஏற்றம் தருகிறது. அந்தப் பாதையை நாடுவோருக்குப் பயன்படும், எங்களுக்குப் பயன்படவில்லை.

ஏ.பி.ஏ. வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு பக்க அட்டவணைதான். பட்டம் பெற்றுப் பத்து மாதங்கள் ஆனபின், மார்ச் 15 அன்று ஒவ்வொரு பட்டதாரியும் என்ன நிலையில் இருக்கிறார் என்பதை அது சொல்கிறது. உரிமம் கட்டாயமான வேலை, பட்டம் உதவும் வேலை, பிற வேலை, மேற்படிப்பு, வேலை தேடுவோர் என்று வரிசைகள். முழுநேரமா பகுதிநேரமா, ஓராண்டுக்குக் குறையாததா குறுகியகாலமா என்று பத்திகள். கல்லூரி சம்பளம் கொடுக்கும் வேலைகள் தனியாகக் காட்டப்படுகின்றன. ஓர் எடுத்துக்காட்டாக, 200 பேர் பட்டம் பெற்ற கல்லூரியில் 180 பேர் வேலையில் இருந்தால் விளம்பரத்தில் 90 விழுக்காடு என்று வரும். அட்டவணையில் உரிமம் கட்டாயமான, முழுநேர, நீண்டகால வேலையில் இருப்பவர்கள் 130 பேர் என்றும், அவர்களில் ஆறு பேருக்குக் கல்லூரியே சம்பளம் தருகிறது என்றும் இருந்தால், 124 பேர்தான் வெளியில் வழக்கறிஞராக வேலை பெற்றவர்கள். அது 62 விழுக்காடு. எந்தக் கல்லூரிக்கும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்த ஒரு கணக்கைத்தான்.

அதே பக்கத்தில், நிறுவன வேலைக்குச் சென்றவர்கள் பத்துப் பேருக்குள் உள்ள அலுவலகத்துக்குப் போனார்களா, ஐந்நூறு பேருக்கு மேல் உள்ள நிறுவனத்துக்குப் போனார்களா என்றும், அதிகம் பேர் வேலைக்குச் சேர்ந்த மூன்று மாநிலங்கள் எவை என்றும் பார்க்கலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது கடைசி விவரம். மகள் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் தொழில் செய்ய விரும்புகிறாள். வழக்கறிஞர் உரிமம் மாநிலந்தோறும் தனி. மேலே இருந்த கல்லூரியின் முதல் மூன்று மாநிலங்களில் ஜார்ஜியா இல்லை. கீழே இருந்ததில் அதுவே முதலிடம். மேலும், மேற்சொன்ன கணக்கைப் போட்டபோது இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

உதவித்தொகை பெறுவோர், ஏ.பி.ஏ.வின் 509-ஆம் விதிப்படி ஒவ்வொரு டிசம்பரிலும் வெளிவரும் 509 அறிக்கையையும் அவசியம் பார்க்க வேண்டும். சில கல்லூரிகளின் உதவித்தொகை, குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணைத் தக்கவைத்தால்தான் தொடரும். சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் வகுப்பினரை ஒப்பிட்டுப் பங்கிடப்படுவதால், எல்லோரும் நன்றாகப் படித்தாலும் சிலர் அந்த வரம்புக்குக் கீழே போவது உறுதி. எத்தனை பேருக்கு அப்படி உதவித்தொகை குறைந்தது அல்லது நின்றது என்பதை அந்த அறிக்கை எண்ணாகவே தருகிறது; எந்தத் தரவரிசையிலும் இது தனியாகத் தெரியாது.

ஏ.பி.ஏ. எண்களும் கல்லூரிகளே தருபவைதான். ஆனால் சங்கம் அவற்றைத் தணிக்கைக்கு உட்படுத்துகிறது, பொய் சொன்னால் தண்டனை உண்டு. அந்த அறிக்கை சம்பளத்தைச் சொல்வதில்லை என்பது பெரிய குறை. அமெரிக்காவில் புதிய வழக்கறிஞர்களின் சம்பளம் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து கிடப்பதால், நிறுவன அளவை வைத்து ஓரளவுதான் ஊகிக்க முடியும். சிறிய கல்லூரியில் ஓராண்டு எண் எளிதில் ஏறி இறங்கும் என்பதால், மூன்று ஆண்டுகளையாவது சேர்த்துப் பார்ப்பது நல்லது. சட்டப் பேராசிரியராகவோ உச்ச நீதிமன்ற எழுத்தராகவோ விரும்புவோருக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதிகூற முடியாது. இன்றைய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஹார்வர்டிலோ யேலிலோ படித்தவர்கள். அந்த உயரத்தில் கல்லூரியின் பெயருக்கு உள்ள எடையை எங்கள் அனுபவம் எட்டவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து எல்.எல்.எம். என்னும் முதுகலைச் சட்டப் பட்டம் படிக்க வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூ.எஸ். நியூஸ் பட்டியலின் எல்சாட், வேலைவாய்ப்பு, பார் தேர்ச்சி எண்கள் ஜே.டி. மாணவர்களுடையவை, ஏ.பி.ஏ. வேலைவாய்ப்பு அறிக்கையும் அவர்களைப் பற்றியதே. ஒரு கல்லூரி பட்டியலில் பத்தாவதாக இருப்பது, அதன் எல்.எல்.எம். பட்டதாரிக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நியூயார்க் மாநிலத் தேர்வு வாரியம் வெளிநாட்டில் சட்டம் பயின்றோரின் தேர்ச்சி விகிதத்தைத் தனியாக வெளியிடுகிறது, அது ஜே.டி. பட்டதாரிகளின் விகிதத்தைவிட நன்றாகக் குறைவு. அதைப் பார்த்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வந்த எல்.எல்.எம். மாணவர்கள் இப்போது எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.