இருபத்தாறு வயதில் கைத்தடி: மூன்று வருடம் கழித்து

முதலில் பொருளைப் பற்றி. அலுமினியக் கைத்தடி, நான்காக மடங்கும். பிடி மரத்தில், 'டி' வடிவத்தில். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வரிசையாக ஓட்டைகளும் ஒரு அமுக்குப் பித்தானும் உண்டு. சென்னையில் ஒரு சர்ஜிக்கல் கடையில் வாங்கியது, ஆயிரம் ரூபாய்க்குள். மூன்று வருடத்துக்கு மேல் தினமும் ஊன்றியும் வளையவில்லை. மூட்டுகளில் லேசாக ஒரு 'டக் டக்' மட்டும் சேர்ந்திருக்கிறது. பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கையில் பிடிக்கப் பழகியதுதான் பெரிய கதை. அந்தப் பழக்கம் எனக்கு மொத்தமாக வரவில்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள், தவணை முறையில் வந்தது. சில இடங்களில் தவணை இன்னும் பாக்கி.

எனக்கு இடது இடுப்பில் ஏ.வி.என். தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவது. சிறுநீரகக் கோளாறுக்காக நெடுநாள் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டின் பின்விளைவு. இது முதியவர்களின் நோய் இல்லை, முப்பது நாற்பதுகளில் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் செயற்கை மூட்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு. இருபதுகளில் வைத்தால் பிற்பாடு அதையும் மாற்ற வேண்டி வரலாம் என்பதால் முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர். அப்படித் தள்ளிப்போடும் காலத்துக்குத்தான் கைத்தடி.

கால் இடது, தடி வலது கையில். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "தப்பான கையில பிடிச்சிருக்கியே" என்று திருத்துவார்கள். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிற அந்த நொடியில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் இறங்குகிறது. உடம்பு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இடுப்பின் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிப்பதால் வருகிற பாரம் அது. எதிர்க் கையில் தடி இருந்தால் அந்தத் தசைகளுக்கு வேலை குறையும், மூட்டுக்கும் பாரம் குறையும். பிசியோதெரபிஸ்ட் இதைப் படம் போட்டுக் காட்டிய பிறகு யார் திருத்தினாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

உயரம்தான் முக்கியம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். ஒரு ஓட்டை கீழே போனாலும் உடம்பு முன்னால் குனிந்துவிடும். இதை மனசு சம்பந்தமான விஷயமாகவே சொல்கிறேன். தடி பிடித்தால் கிழவி மாதிரி தெரிவோமோ என்ற வெட்கத்தில் பாதி, குனிந்து நடப்பதால் வருவது. சரியான உயரத்தில் வைத்து நிமிர்ந்து நடந்த அன்று கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஒரு பெண் கொஞ்சம் மெதுவாகப் போகிறாள், அவ்வளவுதான். மீதிப் பாதி வெட்கத்துக்குக் கண்ணாடி உதவவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் நடுவே பழகுவதுதான் சுலபம். கிண்டியில் அலுவலகம். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆட்டோக்காரர்கள் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, ஆக்சிடென்டா?" என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். அப்புறம் அவர்களுடைய விபத்துக் கதையைக் கேட்டுக்கொண்டே போகலாம், பொழுதும் போகும். கேட்கிறவர்களுக்கு விபத்து என்ற பதிலே பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். விபத்து என்றால் ஒருநாள் சரியாகிவிடும். "இது இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் முகம் சுருங்கி, நான் அவர்களைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது.

அலுவலகத்தில் முதல் வாரம் எல்லோரும் கதவைத் திறந்துவிட்டார்கள், பையைத் தூக்கினார்கள், சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்தார்கள். அந்த வாரம்தான் எனக்கு இருப்பதிலேயே மோசமான வாரம். பிறகு அவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கு நிம்மதியானது. இப்போது மீட்டிங் நடுவில் தடி சரிந்து 'டமார்' என்று விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாய்த்து வைத்த கைத்தடி விழாது என்று நினைப்பவர்கள் கைத்தடி வைத்திருக்காதவர்கள். மேசை, சுவர், ஏ.டி.எம். எதில் சாய்த்தாலும் அது விழும். மணிக்கட்டில் மாட்டுகிற பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வலியைவிட என்னை அதிகம் அழவைத்தது காபி. கேன்டீனில் டபராவோடு ஃபில்டர் காபி தருவார்கள். ஒரு கையில் தடி. மறு கையால் டபராவைப் பிடித்து நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் டம்ளர் ஆடி, இடத்துக்கு வருவதற்குள் பாதிக் காபி டபராவில். என் காபியை நானே கொண்டுவர முடியவில்லை என்பது அவ்வளவு பெரிய விஷயமாகத் தோன்றியது. இப்போது மூடி போட்ட ஃபிளாஸ்க் டம்ளரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். சின்ன ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு முன், இனிமேல் இப்படித்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வலி குறைந்த நாட்களில் பக்கத்துக் கடைக்குத் தடி இல்லாமலே போவேன். மருத்துவருக்கும் அது தெரியும். சிக்கல் கடைக்காரரிடம். "சரியாயிடுச்சா?" என்று மகிழ்வார். அடுத்த நாள் தடியோடு பார்த்தால், நான் என்னவோ நடித்துவிட்டதாக ஒரு பார்வை. பஸ்ஸிலும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகள் இருக்கையில் உட்கார்ந்து தடியை மடித்துப் பைக்குள் வைத்தால் போச்சு, நான் வெறும் இளவட்டம். "வயசானவங்க நிக்கிறாங்க, சின்னப் பொண்ணு உக்காந்திருக்கு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதனால் மடக்கும் வசதி இருந்தும் பஸ்ஸில் மடக்குவதில்லை. காலிடுக்கில் நட்டு வைத்துக்கொள்கிறேன், அடையாள அட்டை மாதிரி. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபின் ஏறுவது எளிதாயிற்று. எங்கள் தடத்தில் அது எப்போதாவதுதான் வரும்.

நிஜ அடையாள அட்டை வாங்கியது தனி அனுபவம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்க மருத்துவக் குழுவின் முன் உட்கார்ந்து, எழுந்து, நடந்து காட்ட வேண்டும். வழக்கமாக எங்கே போனாலும் நன்றாக நடக்கப் பார்ப்பவள், அன்று எப்படி நடப்பது என்றே தெரியாமல் நின்றேன். மனம் பொறுக்காமல் நன்றாகவே நடந்தேன். எக்ஸ்ரேவும் எம்.ஆர்.ஐ.யும் காப்பாற்றின. விண்ணப்பிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று: வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பாரத்தை நிரப்ப இல்லை, திரும்பி வரும்போது பேச.

ஊருக்குப் போவதுதான் கஷ்டம். கோவில்பட்டி. அங்கே நான் சைக்கிள் ஓட்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் தடியை மடித்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதெல்லாம் உண்டு. அந்த இரவெல்லாம் இடுப்பு வலி. அம்மா தடியைக் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் வைப்பாள். கோபத்தில் வைப்பதில்லை. விருந்தாளி வந்தால் செருப்பை ஒதுக்குகிற மாதிரி, கை தானாக ஒதுக்கும். மாப்பிள்ளை வீட்டார் யாராவது திடீரென வந்துவிட்டால் என்ற பயமும் அதில் இருக்கிறது. அதை அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

அதை உடைத்தது ஆச்சி. எண்பது தாண்டியும் கம்பு தொடமாட்டேன் என்று சுவரைப் பிடித்து நடப்பவள். ஒருநாள், "ஏட்டி, அந்தக் கம்பை இங்க கொண்டா" என்றாள். நான்கு துண்டாகக் கிடந்ததை உதறியதும் அது தானாக நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. மடக்கச் சொன்னாள், மறுபடி உதறச் சொன்னாள். வாங்கி ஊன்றி, முற்றம் வரை போய் வந்து, "எனக்குக் கொஞ்சம் ஒசரமா இருக்கு. ஒனக்கு இது நல்லாருக்கு பிள்ள" என்றாள். அடுத்த முறை போகையில் அவளுக்கும் ஒன்று, அரக்கு நிறத்தில், வாங்கிப் போனேன். தெருவில் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு மிச்ச விஷயம். அடியில் இருக்கும் ரப்பர் தேயும். வரிகள் அழிந்து மொழுக்கென்று ஆனதும் மாற்றிவிடுங்கள். ஈர டைல்ஸில் அது ஒன்றுதான் பிடிமானம். அளவு ஒன்றுக்கொன்று வேறு, பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். நாலு கால் தடி தானாக நிற்கும், ஆனால் நான் நடக்கும் வேகத்துக்கு அது தடங்கல். கடற்கரை மணலில் எல்லாத் தடியும் புதையும். மெரினாவில் 2022 நவம்பரில் மரப் பாதை திறந்தபோது ஆசையாக இருந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள்.

தை மாதம் சித்தி மகள் கல்யாணம். மேடைக்குத் தடியோடுதான் ஏறுவேன் என்று போனில் சொல்லிவிட்டேன். சித்தி, "அதுக்கென்ன, வா. போட்டோ எடுக்கையில மட்டும் பின்னால யார்கிட்டயாவது குடுத்திரு" என்றார். நான் மாட்டேன் என்றேன். அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று போனை வைத்திருக்கிறார். அம்மா இன்னும் என்னிடம் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை.