அட்டி போட்டுத் தருகிறோம் என்னும் விறகுக்கடையை நம்பி ஏமாறாதீர்கள்

கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்தும் நான், ஆவணி முகூர்த்தங்களுக்காக எங்கள் பகுதியில் உள்ள ஒரு விறகுக்கடையில் பிளந்த கருவை விறகு 4 டன் வாங்கினேன். டன்னுக்கு 6,000 ரூபாய் போக, கொல்லையில் அட்டி போட்டு, அதாவது கட்டைகளை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருவதற்கென்று தனியாக 2,000 ரூபாய் கூலியும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த அட்டி ஐப்பசி மழையின்போது ஒரு விடியற்காலையில் முன்பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதன் அடியில் உட்கார்ந்து காய் நறுக்கும் அக்கா, தேங்காய் எடுக்க உள்ளே போயிருந்ததால் உயிர் பிழைத்தார். அவருடைய மணை இரண்டாகப் பிளந்து கட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

சரிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோதுதான் அவர்கள் செய்திருந்த வேலை புரிந்தது. பிளந்த கட்டை பெரும்பாலும் ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும் என்பதால், பருத்த முனையையும் சிறுத்த முனையையும் மாற்றி மாற்றி வைத்தால்தான் அட்டி மட்டமாக உயரும். இவர்களோ பருத்த முனைகளையெல்லாம் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டு, சிறுத்த முனைகளை வெளியே தெரியும்படி அழகாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். வரிசைக்கு வரிசை அட்டி முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே போனது. இரண்டடி நீளக் கட்டையை ஒற்றை வரிசையாக ஆறடி உயரத்துக்கு ஏற்றியதும், இரு ஓரங்களிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிறுத்தாமல் ஈர மண்ணில் அரையடிக்கு ஊன்றிய சவுக்குக் கம்புகளை மட்டும் முட்டுக் கொடுத்ததும் அதைவிடப் பெரிய பிழைகள். போதாக்குறைக்கு, சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கம் ஈரமாகவே இருக்க, வெயிலும் காற்றும் பட்ட முன்பக்கம் மட்டும் உலர்ந்து சுருங்கியதால், சாய்வு நாளுக்கு நாள் கூடியிருக்கிறது. மழையில் மண் இளகிக் கம்புகள் அசைந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டபோது, "அடைமழைக்கு எந்த அட்டிண்ணே நிக்கும்?" என்று கைவிரித்துவிட்டார். அதே அடைமழையில் எங்கள் ஊர்க் கோயில் மடைப்பள்ளியின் பின்னால் இருக்கும் அட்டியில் ஒரு கட்டைகூட நழுவவில்லை. அதை அடுக்கிய பெரியவரிடம் போய்க் கேட்டேன். தரையில் இரண்டு பனங்கைகளை, அதாவது பனைமரச் சட்டங்களைப் போட்டு அதன்மேல் அடுக்கியிருப்பதையும், சுவருக்கும் விறகுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பதையும், நாலடிக்குமேல் ஏற்றாததையும் அவர் காட்டினார். பிறகு ஒரு கட்டையை எடுத்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, அது ஆடியதும் கையை எடுக்காமலேயே திருப்பிப் போட்டு, ஆட்டம் நின்ற பிறகே அடுத்ததை எடுத்தார். மேல்வரிசையில் மட்டும் பட்டை வானத்தைப் பார்த்திருந்தது. மழைநீர் அதன்மேல் வழிந்து ஓடிவிடுமாம். பனங்கை இல்லாமல் மண்ணில் அடுக்கினால் கறையான் அடிவரிசையைத் தின்று, அட்டி தானாகவே உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னார்.

ஏமாற்று அதோடு முடியவில்லை. எடைமேடை ரசீதைக் காட்டித்தான் பணம் வாங்கினார்கள் என்றாலும், அந்த எடையில் கணிசமான பங்கு தண்ணீர். சரிந்த குவியலின் பின்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு கட்டை 4 கிலோ 200 கிராம் இருந்தது; கூரைக்குக் கீழே வைத்துப் பங்குனியில் நிறுத்தபோது 3 கிலோ 100 கிராம்தான் இருந்தது. நன்றாக உலர்ந்த விறகின் வெட்டுமுகத்தில் வெடிப்புகள் ஓடியிருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சை விறகு மந்தமாக ஒலிக்கும். இதை நான் இறக்கும்போதே தட்டிப் பார்க்காமல் விட்டேன்.

அட்டிக் கூலியைத் திருப்பித் தர அவர்கள் இன்றுவரை மறுக்கிறார்கள். ஆகவே யாரிடம் விறகு வாங்கினாலும், பாதி உயரம் ஏறியதும் வேலையை நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டில் நின்று ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலைவிட்டு அட்டி முன்னே வந்திருந்தால் பிரித்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்குக் கூலி கொடுக்காதீர்கள்.