பெட்டாவில வாங்கின வார்ப்பிரும்புத் தோசைக்கல்லு: ஆறு மாசம் பாவிச்ச பிறகு

இது எனக்கு ரெண்டாவது கல்லு. முதல் கல்லைச் சுடச்சுட அடுப்பால இறக்கி சிங்க்குக்குள்ள வச்சு பைப்பைத் திறந்தனான், "டொக்" எண்டு ஒரு சத்தம், நடுவால ரெண்டு துண்டு. அம்மா கண்ணூறு எண்டா. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனான், அடுத்த நாள் அந்தத் துண்டையே கிளாஸுக்குக் கொண்டுபோனன்.

"இரும்பு உடையுமா மிஸ்" எண்டு கேட்டுதுகள். தனி இரும்பெண்டா வளையும். உலோகத்தில வெளி இலத்திரன் எல்லாம் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, ஒரு அணுவுக்கெண்டு சொந்தமில்லை, அதால ஒரு அடுக்கு வழுக்கி நகர்ந்தாலும் பிடி விடாது. ஆனா வார்ப்பிரும்புக்குள்ள 3 சதவீதம் அளவில காபன் கிடக்கு, அதில பெரும்பகுதி காரீயச் செதிலா, அதாவது கிராபைட்டா, இருக்கும், எங்கட போகலச் சுரங்கத்தில தோண்டுற அதே காரீயம்தான். காரீயத்தில ஒரு தட்டுக்குள்ள காபனுக்கும் காபனுக்கும் இடையில 0.142 நானோமீட்டர்தான், நல்ல இறுக்கமான பங்கீட்டுப் பிணைப்பு, ஆனா தட்டுக்கும் தட்டுக்கும் இடையில 0.335, அங்க மெல்லிய கவர்ச்சி மட்டும்தான், பென்சில் பேப்பரில எழுதுறதே அந்தத் தட்டுகள் வழுக்கி வாறதாலதான். இப்பிடி ஒரு செதில் இரும்புக்குள்ள கிடந்தா அது முதலே போட்டு வச்ச கீறல் மாதிரி. சுட்ட கல்லில பச்சைத்தண்ணி பட்டா மேல்பக்கம் சட்டெண்டு சுருங்கும், உள்ள இன்னும் சூடு, அந்த இழுவையில வெடிப்பு ஒரு செதிலில இருந்து மற்றச் செதிலுக்குப் பாய்ஞ்சு போயிடும்.

சரி, புதுக் கல்லுக்கு வாறன். வெள்ளவத்தையில பாத்ததெல்லாம் மெல்லிசு, 101 பஸ்ஸில பெட்டாவுக்குப் போய் வாங்கினன். 10 இஞ்சி, நல்ல பாரம். கடைக்கார ஐயா தட்டிக் காட்டித்தான் தந்தவர், வெடிப்பு இருந்தா சத்தம் அடைச்சுக் கேக்கும். மேல்பக்கம் சரியான சொரசொரப்பு, மண் அச்சில வார்த்த அடையாளம் அப்பிடியே இருக்கு, நான் ரெண்டு நாள் உரைதாள் போட்டுத் தேய்க்க வேண்டி வந்தது. கைபிடியும் கட்டை, துணி இல்லாமப் பிடிக்கேலாது.

கல்லைப் பழக்க எல்லாரும் தேங்காயெண்ணெய்தான் பூசுறவை, அதை விடுங்கோ. எண்ணெய் சூட்டில ஒண்டோடொண்டு கோர்த்து வலை மாதிரி இறுகினாத்தான் கறுப்புப் படலம் வரும், அப்பிடிக் கோர்க்க எண்ணெயின்ர காபன்களுக்கிடையில இரட்டைப் பிணைப்பு வேணும், தேங்காயெண்ணெய்க் கொழுப்பில 90 சதவீதத்துக்குக் கிட்ட நிரம்பின கொழுப்பு, இரட்டைப் பிணைப்பே இல்லை, கடைசியில பிசுபிசுப்புத்தான் மிச்சம். நல்லெண்ணெயில தாராளமா இருக்கு. மெல்லிசாப் பூசி, துடைச்சு, புகை வர விட்டு, ஆற விட்டு, ஆறேழு தரம் செய்தன், வடிவா ஏறிட்டுது.

நொன்ஸ்டிக்கில இருக்கிற டெப்லோனில காபன்-புளோரீன் பிணைப்பு மிச்சம் பலம், அதால ஒண்டும் ஒட்டாது, ஆனா சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையில பிடி குறைவு, கரண்டி பட்டாலே கீறுது. இந்தக் கல்லில நான் இரும்புத் தட்டகப்பைதான் போடுறன், படலம் எங்கயும் கிழிஞ்சாத் திரும்ப நல்லெண்ணெய் பூசினாச் சரி.

சூடேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுக்கோணும். ஏறினாப் பிறகு பத்துத் தோசை தொடர்ந்து வாத்தாலும் சூடு இறங்காது, கரை தானா எழும்பி வருது. 5க்கு 4 குடுக்கிறன், வெட்டினது கைபிடிக்கும் சொரசொரப்புக்கும். கழுவ முதல் கட்டாயம் ஆற விடுங்கோ.